கம்மியாத் தோத்துட்டு வாங்கடா

வாடா நைனா, உக்காரு. அந்தப் பாவு உருளை மேல உக்காராதே, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. இன்னா சொன்னே? நாளைக்கு, 2024 ஜனவரி 13-ஆம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கத்தார்ல இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஃபுட்பால் ஆடறாங்க, ஆசியக் கோப்பை, அதுக்கு முன்னோட்டம் எழுதி வாட்ஸ்அப்புல போடப் போறே, போடறதுக்கு முன்னாடி தாத்தா ஒருக்கா கேட்டுச் சொல்லணும். கேக்கறேன். நாப்பது வருசம் விசைத்தறிச் சத்தத்துல ஒரு காது போயிடுச்சு, இன்னொண்ணு சுமாரா இருக்குது. அந்தச் சுமார் காதுல விழுந்த வரைக்கும் போதும்டா சாமி.

“நீலப்புலிகள் நாளை கங்காருகளைக் கிழித்துத் தோரணம் கட்டும்.” இதான முதல் வரி? புலியை நீ எங்க பார்த்தே? திருப்பதி ஜூவுல, கம்பிக்கு அந்தப் பக்கம், மல்லாந்து படுத்துக்கினு இருந்ததே, அதுவா? கங்காருவை எங்க பார்த்தே? ஸ்டேப்ளர் மேல. ரெண்டையும் நேர்ல மோதவிட்டுப் பார்க்காதவன் தோரணம் கட்டக் கெளம்பிட்டான். நகரிக்காரன் நாக்குக்கும் நகரி மலைக்கும் ஒரு பொருத்தம் இருக்குது நைனா. அந்தக் காலத்துல பழவேற்காட்டுப் பக்கம் கடல்ல போற கப்பல்காரன் நம்ம மலையோட மூக்கைப் பார்த்துத்தான் திசை வெச்சுக்குவானாம். வெள்ளைக்காரன் வரைபடத்துலயே ‘நகரி மூக்கு’ன்னு பேரு. மூக்கு அவ்ளோ நீளம் இருந்தா நாக்கு மட்டும் சும்மா இருக்குமா?

சரி, விசயத்துக்கு வா. இந்த குரூப்புன்றது இன்னாது? இருபத்து நாலு நாடு, நாலு நாலா ஆறு கட்டம். நம்மளது ‘பி’ கட்டம். ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா, நாம. “இந்தியாவுக்கு அநியாயமான குரூப்”னு எழுதியிருக்கே. கட்டம் போடறதுல நியாயம் எங்கடா இருக்குது? எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, எல்லை பிரிக்க வந்த படாஸ்கர் சொன்ன கணக்குப்படி ரெண்டு ஸ்டேட்டுக்கு நடுவுல ஒரு கோடு போட்டாங்க. திருத்தணி அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். வீட்டுல தமிழு, பள்ளிக்கூடத்துல தெலுங்கு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கினு அடுத்த ஸ்டேட்டுக்குப் போறோம். அறுபது வருசம் கழிச்சு, 2022 ஏப்ரல்ல இன்னொரு கோடு. புத்தூரு திருப்பதி ஜில்லாவுக்குப் போச்சு, நாம சித்தூர்லயே நின்னுட்டோம். ஒரே பஸ்ஸுல டீ குடிக்கப் போற ஊரு இன்னிக்கு வேற ஜில்லா. ஆஸ்திரேலியா மட்டும் இன்னா, ஆசியாவுலயா இருக்குது? 2006-ல அந்தக் கூட்டமைப்புல வந்து சேர்ந்தான். 2015-ல கோப்பையையே தூக்கிட்டான். கோடு போடறவன் போடுவான், எந்தக் கட்டத்துல விழுந்தோமோ அங்க சோறு ஆக்கிச் சாப்பிடறவன் பொழைப்பான். அந்த ‘அநியாயம்’ன்ற வார்த்தையை அடி.

அடுத்தது கணக்கு. ஃபிஃபா பட்டியல்ல அவன் 25, நீ 102. இதை எழுதவே இல்லை. ஏன்? “அது வெறும் நம்பர் தாத்தா.” ஓ. பத்தாவதுல நீ வாங்கின மார்க்கும் வெறும் நம்பர்தான், உங்கப்பன் ஏன் அன்னிக்கு ரெண்டு வேளை சாப்பிடலை? போன உலகக் கோப்பையில அர்ஜென்டினாகிட்ட ஒரே ஒரு கோல் வித்தியாசத்துல தோத்துட்டு வீட்டுக்குப் போனவங்கடா அவங்க. பின்னாடி நிக்கிறானே ஹாரி சூட்டர், ஆறரை அடி. நம்ம கோலி குர்பிரீத்தும் கிட்டத்தட்ட அதே உசரம்தான், ஒத்துக்கறேன். ஆனா கோலி கோலுக்குள்ள நிப்பான். கார்னர் வரும்போது சூட்டரோட எகிறப் போறவன் யாரு? அதை எழுது. அதான் முன்னோட்டம். நீ எழுதியிருக்கிறது பொங்கல் வாழ்த்து.

ஆளு இல்லாத கதையும் விட்டுட்டே. ஆஷிக் குருணியனுக்கு முழங்கால், ஜீக்சனுக்குத் தோளு, அன்வர் அலிக்குக் காலு. மூணு பேரும் வீட்டுல. “நம்ம புத்தூர் கட்டு போட்டிருந்தா ஆடியிருப்பாங்க”ன்னு உன் சிநேகிதன் சொன்னானாம். இருக்கட்டும், பாசம். அங்க ராசாபாளையத்துல பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை வெச்சுக் கட்டுவாங்க. எங்க மாமா கட்டில்ல போய் நடந்து வந்தாரு, நான் பார்த்தேன். ஆனா அது எலும்புக்கு. முழங்காலுக்குள்ள ஜவ்வு கிழிஞ்சா புத்தூர்காரரும் ஆஸ்பத்திரிக்குத்தான் கையைக் காட்டணும். அதுவும் இல்லாம, கட்டு அவங்களுக்கும் தேவை. அவங்க கேப்டன், கோலி மேட் ரயன், போன மாசம்தான் கன்னத்து எலும்பை முறிச்சுக்கினான். கன்னத்துக்கு மூங்கில் தப்பை வெச்சா பந்து எங்க வருதுன்னு எப்படிப் பார்ப்பான்?

இப்ப சரித்திரம். இங்கதான் நீ பலே கில்லாடி. 1956-ல மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல, அவங்க ஊர்லயே, அவங்களை 4-2-ன்னு அடிச்சோம்னு எழுதியிருக்கே. நெவில் டிசூசா மூணு, கிட்டு ஒண்ணு. நெசம். டிசம்பர் 1. ஆந்திரப் பிரதேசம் பொறந்து சரியா ஒரு மாசம். டீமுக்குச் சொல்லிக் குடுத்தவர் ஹைதராபாத் ரஹீம் சாப். எனக்கே இப்பவும் உடம்பு சிலிர்க்குது. ஆனா 2011-ல இதே கத்தார்ல, இதே ஆசியக் கோப்பையில, இதே ஆஸ்திரேலியா நம்மளை 4-0-ன்னு உரிச்சு உப்புத் தடவினானே, அது எங்க? அந்தப் பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சா? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போறப்போ நம்ம வீட்டுல இருந்து தாசில்தாரான சித்தப்பாவை மட்டும் சொல்லி, சாராயக் கேஸ்ல போன பெரியப்பாவை மறைப்போமே, அந்த மாதிரி.

சேத்ரியைப் பத்தி உருகி உருகி எழுதியிருக்கே. எழுது. முப்பத்தொம்போது வயசு, தேசத்துக்காக 93 கோல். பொறந்தது செகந்தராபாத், 1984-ல, அன்னிக்கு அது நம்ம ஸ்டேட்டு. நம்ம புள்ளைன்னு கொஞ்ச நாள் சொல்லிக்கினு திரிஞ்சேன். 2014-ல அங்கயும் ஒரு கோடு போட்டுட்டாங்க. எனக்குன்னு எந்த வீரனும் தங்க மாட்டேன்றான்.

இப்ப தாத்தா சொல்றதைக் காதுல வாங்கு. இது தான் நீ எழுத வேண்டியது, மத்ததெல்லாம் ஓரத்துக்கு.

நாளைக்கு ஜெயிப்போமா தோப்போமான்றது கேள்வியே இல்லை. எத்தனைல தோப்போம்? அதான் கேள்வி. மூஞ்சி ஏன் சுண்டுது? குரூப் ஆட்டம்ன்றது சீட்டுக் கட்டற மாதிரி நைனா. மூணு தவணை. ஒரு தவணையில கைல காசு இல்லைன்னா சீட்டுக்காரன் திட்டுவான், ஆனா சீட்டு போயிடாது. பாக்கி எவ்ளோ வெச்சேன்றதுதான் கடைசியில நிக்கும். கட்டத்துக்கு ரெண்டு பேரு மேல போவாங்க, அது போக மூணாவது வந்த ஆறு பேர்ல நல்லா வந்த நாலு பேரும் போவாங்க. அந்த நாலு பேரை எப்படிப் பொறுக்குவாங்க? முதல்ல புள்ளி. அப்புறம் போட்ட கோலுக்கும் வாங்கின கோலுக்கும் உள்ள வித்தியாசம். அதுவும் சமம்னா போட்ட கோலு. அதுவும் சமம்னா யாரு கம்மியா மஞ்சள் அட்டை வாங்கினான்றது வரைக்கும் பார்ப்பாங்க. சிரிக்காதே. 2019-ல வியட்நாம் மேல போனது அப்படித்தான். லெபனானும் அவனும் எல்லாத்துலயும் சமம். மஞ்சள் அட்டை கம்மின்னு வியட்நாமைக் கூப்பிட்டாங்க. போனவன் கால் இறுதி வரைக்கும் போய் நின்னான்.

அதே 2019-ல நம்ம கதை இன்னா? இதை நீ எழுதவே மாட்டே, நான் சொல்றேன். முதல் ஆட்டம், தாய்லாந்து, 4-1. சேத்ரி ரெண்டு, தாபா ஒண்ணு, ஜெஜே ஒண்ணு. 1964-க்கு அப்புறம் ஆசியக் கோப்பையில நாம ஜெயிச்ச முதல் ஆட்டம், அம்பத்தஞ்சு வருசம். நீயும் உன் கூட்டமும் ஏகாம்பரகுப்பம் ஸ்டேசன் வரைக்கும் பைக்குல சத்தம் போட்டுக்கினு போனீங்க. மறுநாளே தாய்லாந்துக்காரன் அவன் கோச்சை வீட்டுக்கு அனுப்பிட்டான். நீங்க அதுக்கும் சிரிச்சீங்க. அடுத்தது எமிரேட்ஸ்கிட்ட 0-2. பரவாயில்லைன்னீங்க. மூணாவது பஹ்ரைன். ஜனவரி 14, போகி ராத்திரி. சும்மா சமம் பண்ணா போதும், ரெண்டாவது இடம். இந்தத் தறிக் கொட்டாயில நானும் உங்கூட உக்காந்து பார்த்தேன். தொண்ணூறு நிமிசம் 0-0. உங்க ஆயா, “முடிஞ்சுதா? வந்து சாப்பிடுங்க”ன்னு மூணு வாட்டி கூப்பிட்டா. தொண்ணூத்தி ஒண்ணாவது நிமிசம், பெனால்டி. 0-1.

அப்புறம் கணக்கைப் பாரு. எமிரேட்ஸ் அஞ்சு புள்ளி, தாய்லாந்து நாலு, பஹ்ரைன் நாலு, நாம மூணு. நாம நாலு கோலு போட்டுத் துரத்தினோமே, கோச்சை வேற தொலைச்சானே, அந்தத் தாய்லாந்து ரெண்டாவது இடத்துல மேல போறான். நாம கட்டத்துலயே கடைசி. நம்ம கோச் கான்ஸ்டன்டைன் அன்னிக்கு ராத்திரியே நான் போறேன்னு எழுந்துட்டாரு. விடியக்காலம் நாம பழைய பாயைக் கொளுத்தினோம், ராத்திரிக்கு அவங்க நம்மளைக் கொளுத்தினாங்க. அதுல இன்னொரு வயித்தெரிச்சல்: நாம போட்டதும் நாலு, வாங்கினதும் நாலு. வியட்நாம் போட்டது நாலு, வாங்கினது அஞ்சு. நமக்கும் மூணு புள்ளி, அவனுக்கும் மூணு புள்ளி. அவன் உள்ள, நாம வெளிய. ஏன்னா அவன் அவன் கட்டத்துல மூணாவது, நாம நம்ம கட்டத்துல நாலாவது. இதைக் கணக்கு வாத்தியார்கிட்ட சொன்னா அவரே வேலையை விட்டுடுவாரு.

அதனால சொல்றேன். நாளைக்கு ஆட்டம் மாமனார் வீட்டு முதல் விருந்து மாதிரி. அங்க போய் பத்து தோசை தின்னு பேரு வாங்கணும்னு இல்லை, சட்டையில சாம்பார் கொட்டிக்காம வந்தா போதும். ஒண்ணோ ரெண்டோ வாங்கிட்டு வரலாம், நாலு வாங்கக் கூடாது. 18-ஆம் தேதி உஸ்பெகிஸ்தான், அவனும் கெட்டிக்காரன், அவன்கிட்ட மூச்சைப் பிடிச்சு சமம் பண்ணப் பாக்கணும். 23-ஆம் தேதி சிரியா. நம்ம உசரத்துக்கு எட்டற கிளை அது ஒண்ணுதான். அங்க மூணு புள்ளி எடுத்தா, நாளைக்கு வாங்காம விட்ட ஒரு கோலு அன்னிக்குப் பவுன். உன் முன்னோட்டத்துக்கு நான் வெச்ச தலைப்பு ‘கம்மியாத் தோத்துட்டு வாங்கடா’. பிடிக்கலையா? தெரியும். லைக்கு வராது.

“அப்ப பயந்து பின்னாடியே நிக்கணுமா தாத்தா?” இதோ பாரு, இப்பதான் ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கே. எழுந்து இந்தத் தறிகிட்ட வா. ஓடிக்கினு இருக்குது பாரு. இப்ப ஊடை நூலு அறுந்தா இன்னா ஆவும்? டக்குனு தறி தானா நின்னுடும். எல்லாருக்கும் தெரியும். இப்ப பாவுல ஒரு இழை அறுந்தா? நிக்காது. தறி பாட்டுக்கு ஓடும், நாடா பாட்டுக்குப் போய் வரும், சத்தம்கூட மாறாது. துணியில மட்டும் ஒரு கோடு விழுந்துக்கினே போகும். கவனிக்காம டீ குடிச்சுட்டு வந்தா ரெண்டு மீட்டர் பாழு. முதலாளி கூலியில பிடிப்பான். சேத்ரி கோலுக்கு முன்னாடி தவறவிட்டா அது ஊடை, ஊரே தலையில கைவெச்சுக்கும். நம்ம பின்வரிசை ஜிங்கனுக்கும் பேக்கேவுக்கும் நடுவுல ரெண்டு முழம் இடைவெளி விழுந்தா அது பாவு. ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாக்காரன் கண்ணுக்கு மட்டும் தெரியும். நல்ல நெசவாளி துணியைப் பார்க்க மாட்டான், பாவைப் பார்த்துக்கினே நிப்பான். நாளைக்கு நீ பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாத ஆளுங்க எங்க நிக்கிறாங்கன்னு பாரு. அதுக்கு அப்புறம் எழுது. ஒரு வருசத்துல ஆளாயிடுவே.

பின்னாடி நிக்கிறதுன்னா பயம்னு யாரு சொன்னது? சந்திரகிரிப் பக்கம் ரங்கம்பேட்டையில கனுமா சமயத்துல மாடு விடுவாங்களே, என்னோட வந்திருக்கே. மாட்டுக் கொம்புல பலகை கட்டி விடுவாங்க. பலகையைப் பறிக்கணும். புதுசா வந்த பையன் மாடு வர்ற வேகத்துக்கு எதிர்லயே ஓடுவான், அவனை மதியம் புத்தூர்ல பார்க்கலாம். தேறினவன் திண்ணை ஓரமா ஒட்டிக்கினு நிப்பான். பத்து மாட்டை விட்டுடுவான். பதினோராவது மாடு கொஞ்சம் திரும்பும்போது ஒரு எட்டு வெச்சு பலகையோட வெளிய வருவான். அந்த ஒரு எட்டு நாளைக்கு நமக்கு ஒரே ஒரு வாட்டி கிடைக்கும், ரெண்டு வாட்டி கிடைச்சா பூர்வ புண்ணியம். சாங்டே வேகமா ஓடுவான், மன்வீர் முட்டி மோதுவான். நவம்பர்ல குவைத்துக்கே போய் 1-0-ன்னு ஜெயிச்சு வந்தது மன்வீர் போட்ட கோலுதான். அடுத்த அஞ்சாவது நாளு புவனேஸ்வர்ல கத்தார்கிட்ட 0-3. ரெண்டையும் எழுது. ஒண்ணை மட்டும் எழுதினா அது முன்னோட்டம் இல்லை, ஜாதகத்துல செவ்வாயை அழிச்சு எழுதற வேலை.

கோச் ஸ்டிமாச்சைத் திட்டி நாலு வரி வெச்சிருக்கே. 1998-ல குரோஷியா உலகக் கோப்பையில மூணாவது வந்தப்போ பின்னாடி நின்ன ஆளு அவரு, நிக்கறது இன்னான்னு தெரியும். டிசம்பர் கடைசியில பசங்களைக் கூட்டிக்கினு தோஹாவுல எறங்கினாரு. ரெண்டு வாரம். ரெண்டு வாரத்துல நான் உனக்கு ஒரு முடிச்சு ஒழுங்காப் போடக் கத்துக் குடுக்க முடியலை. அந்தத் திட்டை 23-ஆம் தேதி வரைக்கும் டப்பாவுல மூடி வை, கெட்டுப் போகாது.

அப்புறம் இந்த வரி இன்னா, “பெண் நடுவர் என்பதால் ஆட்டம் மென்மையாக இருக்கும்”? யோஷிமி யமாஷிட்டா, ஜப்பான்காரி. ஆண்கள் ஆசியக் கோப்பையில விசில் ஊதப் போற முதல் பொம்பளை, அதுவும் நம்ம ஆட்டத்துல. கத்தார் உலகக் கோப்பைக்கே போய் வந்தவ. மென்மையாம். இதைப் போய் உங்க ஆயாகிட்ட படிச்சுக் காட்டு, மென்மைன்னா இன்னான்னு தெரியும். நான் அறுபத்தஞ்சு வயசுல பீடியை விட்டது டாக்டர் சொல்லியா?

ஒண்ணு மறந்துட்டேன். தோத்துட்டு வாங்கடான்னு சொன்னதுக்கு நீ என்னைத் துரோகின்ற மாதிரி பாக்கறே. 1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு. குரூப்புல முதல் ஆட்டம் தென் கொரியா. 0-2, நாமதான் தோத்தோம். ரஹீம் சாப் ஒண்ணும் பதறலை. தாய்லாந்தை நாலு, ஜப்பானை ரெண்டு. தாய்லாந்து ஆட்டத்துல ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைஞ்சு தையல். பின்னாடி ஆடற மனுசனைக் கட்டோட முன்னாடி கொண்டு போய் நிறுத்தினாரு ரஹீம், அரை இறுதியில கோலு போட்டான். இறுதி ஆட்டம் யார்கூட? அதே தென் கொரியா. ஊரே நமக்கு எதிரா கூச்சல் போட்டுது. கோலுல நம்ம ஜனம் தங்கராஜ், முன்னாடி பி.கே.பானர்ஜி, பலராம். 2-1. தங்கம். பானர்ஜி ஒண்ணு, அந்தத் தையல் போட்ட ஜர்னைல் ஒண்ணு. ரஹீம் சாப்புக்கு அப்பவே நுரையீரல்ல புத்துநோய், அடுத்த வருசம் ஜூன்ல போயிட்டாரு. முதல் ஆட்டத்துல ரெண்டோட நிறுத்தினாங்க பாரு. அஞ்சு ஆறு வாங்கி மனசு ஒடிஞ்சிருந்தா?

சரி, நேரமாச்சு. எழுதினதை அடிச்சுத் திருத்திக் கொண்டா. தமிழை இங்கிலீசு எழுத்துல அடிக்காதே, ‘கோல்’னு நீ அடிச்சது உங்கத்தைக்குக் ‘கோழி’ன்னு தெரிஞ்சுதாம், நாளன்னிக்குப் போகியாச்சே எதுக்குடா கோழின்னு போன் பண்ணிக் கேட்டா.

என்னோட கணக்கு எத்தனைன்னா கேக்கறே? சொல்ல மாட்டேன். ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அதோ அந்தத் தார் டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கேன். இடைவேளை வரைக்கும் ஒரு நம்பர், முடிவுக்கு ஒரு நம்பர். ஆட்டம் முடிஞ்சதும் எடுத்துப் பார்த்துக்கோ. சரியா இருந்தா எனக்கு ஒரு காபி. தப்பா இருந்தா சீட்டைப் போகித் தீயில போட்டுடு, யாருக்கும் தெரிய வேணாம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. பொங்கல் ஆர்டரு, நாளைக்கு ராத்திரிக்குள்ள இன்னும் இருபது மீட்டர் இறக்கணும்னு முதலாளி சொல்லியிருக்காரு. உங்கப்பன் அஞ்சு மணிக்குத் தறியை நிறுத்த மாட்டான், அவன் என் புள்ளை, எனக்குத் தெரியும். இந்தச் சத்தத்துல என் ஒத்தைக் காதுக்கு வர்ணனை விழாது. நீ நாலே முக்காலுக்கு நைசா வெளிய போய், அந்த மெயின் சுவிட்சு டப்பா இருக்குது பாரு, ஆமா, அதுல தறி லைனு மட்டும் தனியா ஒரு பீஸ் கட்டை. டிவி லைனைத் தொட்டுடாதே. ஏழு மணிக்குத் திரும்பப் போடலாம். யாராவது கேட்டா கரண்டு ஆபீஸுக்குப் போன் பண்ணியிருக்குன்னு சொல்லிக்கலாம்.